செயற்கை விழிவில்லை

செயற்கை விழிவில்லை அல்லது கண்ணுள் வில்லை என்பது கண்ணின் இயற்கையான வில்லைக்கு மாற்றாகவோ, அதற்குத் துணையாகவோ அறுவை மருத்துவத்தின் மூலம் கண்ணுக்குள் நிலையாகப் பொருத்தப்படும் ஒளிபுகும் வில்லை ஆகும். கண்புரை அறுவையில் புரை படர்ந்த இயற்கை வில்லை அகற்றப்பட்டு, அவ்விடத்தில் இது வைக்கப்படுகிறது. கண்புரை இல்லாமலேயே மிகுந்த கிட்டப்பார்வை போன்ற குறைபாடுகளைத் திருத்துவதற்கும் சிலவகை வில்லைகள் பயன்படுகின்றன.

மூக்குக் கண்ணாடியை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் செயற்கை விழிவில்லை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் கண்ணிலேயே இருக்கும். அதனை வெளியே எடுத்து வேறொன்றைப் பொருத்துவது இயலும் என்றாலும், முதல் அறுவையைவிட அது கடினமானது. ஆகவே வில்லையின் திறன், வகை, மூலப்பொருள் ஆகியவற்றை அறுவைக்கு முன்பே ஆராய்ந்து தெரிவு செய்வது இம்மருத்துவத்தின் முதன்மையான பகுதியாகக் கருதப்படுகிறது. விலை உயர்ந்த வில்லை எல்லாக் கண்களுக்கும் சிறந்த வில்லையாக அமைவதில்லை.

கண்ணில் வில்லையின் பணி

கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் கருவிழியிலும், பின்னர் விழிவில்லையிலும் விலகலடைந்து விழித்திரையில் குவிகிறது. கண்ணின் மொத்த ஒளிவிலகல் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் ஆகும். இதில் கருவிழியின் பங்கு ஏறத்தாழ 43 டயாப்டர். எஞ்சியதில் பெரும்பகுதியை விழிவில்லை அளிக்கிறது.

இளமையில் விழிவில்லை நெகிழ்வுடையது. சிலியரித் தசை சுருங்கும்போது வில்லையின் வளைவு கூடி, அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரிகிறது. இது விழி ஏற்பமைவு எனப்படும். ஏறக்குறைய நாற்பது வயதுக்குப் பின் வில்லை இறுகத் தொடங்குவதால் இத்திறன் குறைகிறது. இதனையே வெள்ளெழுத்து அல்லது சாளேசுவரம் என்பர். மேலும் முதுமை அடையும்போது வில்லையிலுள்ள புரதங்கள் மாற்றமடைந்து வில்லை மங்குகிறது. இதுவே கண்புரை ஆகும்.

புரை படர்ந்த வில்லையை அகற்றிவிட்டு ஒன்றும் வைக்காவிட்டால் கண் கடுமையான தூரப்பார்வைக் குறைபாட்டை அடையும். முற்காலத்தில் இதற்காக 10 முதல் 12 டயாப்டர் வரை திறன் கொண்ட தடித்த குவிவில்லைக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. பேச்சு வழக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி எனப்படுபவற்றுள் இவையும் அடங்கும். இக்கண்ணாடி பொருள்களை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டியது. பக்கப் பார்வையின் ஒரு பகுதி மறைந்தது. ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டவருக்கு இரு கண்களின் உருவங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கண்ணுக்குள்ளேயே வில்லையைப் பொருத்தும்போது இக்குறைகள் பெரும்பாலும் நீங்குகின்றன.

வரலாறு

புரையை ஊசியால் தள்ளி ஒளியின் பாதையிலிருந்து விலக்கும் முறை சுசுருத சங்கிதையில் விவரிக்கப்பட்டுள்ளது. இம்முறையில் வில்லை கண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். புரை படர்ந்த வில்லையைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் அறுவையை 1747ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் சாக் தவியேல் செய்தார்.

செயற்கை வில்லையை முதன்முதலில் வெற்றிகரமாகப் பொருத்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி (1906 - 2001) ஆவார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற விமானிகள் சிலரின் கண்களில் விமான அறையின் பெர்ஸ்பெக்ஸ் மறைப்பிலிருந்து தெறித்த துணுக்குகள் தங்கியிருந்தன. அவை அழற்சியை ஏற்படுத்தாமல் கிடந்ததை ரிட்லி கவனித்தார். பல உலோகங்கள் அவ்வாறு அமைதியாக இருப்பதில்லை. எனவே பெர்ஸ்பெக்சின் வேதிப்பொருளான பாலிமெத்தில் மெத்தாகிரிலேட்டைக் கொண்டு வில்லை செய்யலாம் என அவர் கருதினார். ரேனர் என்னும் நிறுவனம் அவ்வில்லையை உருவாக்கியது. 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் அது ஒரு நோயாளியின் கண்ணில் வைக்கப்பட்டது.

அந்த முதல் அறுவையிலேயே வில்லைத் தெரிவின் அடிப்படைச் சிக்கலும் வெளிப்பட்டது. இயற்கை வில்லையின் வளைவை ஒட்டியே புதிய வில்லையும் வடிவமைக்கப்பட்டது. ஆனால் அந்நெகிழியின் ஒளிவிலகல் எண் இயற்கை வில்லையினுடையதைவிட மிகுதி. இதனால் வில்லை தேவைக்கு மேல் திறனுடையதாக அமைந்து, நோயாளி மிகுந்த கிட்டப்பார்வைக்கு உள்ளானார். வில்லை கண்ணில் தங்கியது. ஆனால் அதன் திறன் கண்ணுக்குப் பொருந்தவில்லை.

1951ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டில் நடந்த கண் மருத்துவ மாநாட்டில் ரிட்லி தம் முறையை அறிவித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கண்ணிலிருந்து அயற்பொருளை எடுப்பதே மருத்துவரின் கடமை, அதை உள்ளே வைப்பதன்று என்பது பலரின் நிலைப்பாடாக இருந்தது. தொடக்ககால வில்லைகள் எடை மிகுந்தவையாக இருந்ததால் சில இடம் பெயர்ந்தன. அழற்சியும் கண் அழுத்தமும் தோன்றின. 1950களில் கண்ணின் முன்னறையில் பொருத்தப்பட்ட வில்லைகள் பல, கருவிழியின் உட்புற உயிரணுக்களைச் சிதைத்தமையால் கைவிடப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் வில்லையை மீண்டும் பின்னறையில் வைக்கும் வடிவங்கள் வந்த பிறகே இம்முறை நிலைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1981ஆம் ஆண்டில் இவ்வில்லைகளுக்கு ஒப்புதல் அளித்தது. ரிட்லிக்கு 2000ஆம் ஆண்டில் சர் பட்டம் வழங்கப்பட்டது.

இதற்கிடையே அமெரிக்க மருத்துவர் சார்லசு கெல்மன், மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேகோ முறையை 1967ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தார். இதனால் அறுவைக் கீறல் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. ஆனால் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள இறுகிய வில்லையை நுழைக்கக் கீறலை மீண்டும் பெரிதாக்க வேண்டியிருந்தது. 1980களில் வந்த, மடித்து நுழைக்கத்தக்க வில்லைகள் இக்குறையை நீக்கின.

தமிழ்நாட்டில்

மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918 - 2006) 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1980களின் இறுதி வரை செயற்கை விழிவில்லைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. அவற்றின் விலை ஏழை நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. இதனால் அறுவை செய்துகொண்ட பலர் தடித்த கண்ணாடியுடனேயே வாழ நேர்ந்தது. அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர்கள் மீண்டும் பார்வையற்றோர் நிலைக்குத் தள்ளப்பட்டனர். இந்நிலையை மாற்ற, அரவிந்த் அமைப்பைச் சார்ந்த ஆரோலேப் நிறுவனம் 1992ஆம் ஆண்டில் மதுரையில் வில்லை உற்பத்தியைத் தொடங்கியது. இறக்குமதி விலையின் சிறு பகுதிக்கே வில்லைகள் கிடைக்கலாயின. இன்று அவை பிற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன.

அமைப்பும் மூலப்பொருளும்

செயற்கை விழிவில்லைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நடுவில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விட்டமுடைய ஒளியியல் பகுதி இருக்கும். அதன் இருபுறமும் உள்ள தாங்கு கைகள், இயற்கை வில்லையின் பை போன்ற உறைக்குள் வில்லையை நடுநிலையில் நிறுத்துகின்றன. கைகளோடு சேர்த்து வில்லையின் மொத்த நீளம் 12 முதல் 13 மில்லிமீட்டர் வரை அமையும்.

வில்லை செய்யப் பயன்படும் பொருள்கள் பின்வருமாறு:

பாலிமெத்தில் மெத்தாகிரிலேட்டு: ரிட்லி பயன்படுத்திய பொருள். மடிக்க இயலாதது. விலை குறைந்தது. நீண்டகாலப் பட்டறிவு உடையது. தையலிடத் தேவையில்லாத சிறுகீறல் கைமுறை அறுவையில் இன்றும் பயன்படுகிறது.

சிலிக்கோன்: முதலில் வந்த மடிக்கும் வில்லைகளின் பொருள். பின்னாளில் விழித்திரை அறுவை தேவைப்பட்டுக் கண்ணில் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பப்பட்டால், அவ்வெண்ணெய் இவ்வில்லையில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். எனவே விழித்திரை நோய் வாய்ப்புள்ளோருக்கு இது தவிர்க்கப்படுகிறது.

நீரை ஏற்காத அக்ரிலிக்: 1990களில் பரவலான பொருள். உறையோடு நன்கு ஒட்டி நிற்கும். சிலவற்றுள் காலப்போக்கில் நுண்ணிய நீர்க்குமிழிகள் தோன்றுவதுண்டு. அவை பார்வையைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை.

நீரை ஏற்கும் அக்ரிலிக்: மென்மையானது. மிகச் சிறிய கீறல் வழியே நுழைக்கலாம். அரிதாகச் சில கண்களில் கால்சிய உப்புகள் இதில் படிந்து வில்லை மங்குவதுண்டு. அவ்வாறு மங்கிய வில்லையை எடுத்து மாற்றுவதே வழியாகும்.

வில்லைகள் பெரும்பாலும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருளைக் கொண்டுள்ளன. சில வில்லைகள் மஞ்சள் நிறச் சாயல் பெற்று நீல ஒளியின் ஒரு பகுதியையும் வடிகட்டுகின்றன. இந்த வடிகட்டல் விழித்திரையின் மைய நோயைத் தடுக்கிறது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

வில்லை விளிம்பின் வடிவமும் கருத்தில் கொள்ளத்தக்கது. கூரிய சதுர விளிம்பு, உறையில் எஞ்சிய உயிரணுக்கள் வில்லைக்குப் பின்னால் ஊர்ந்து செல்வதைத் தடுக்கிறது. இதனால் பின் உறை மங்கும் வாய்ப்பு குறைகிறது.

திறனைக் கணித்தல்

ஒரே வயதுடைய இருவருக்கு ஒரே திறனுள்ள வில்லை பொருந்த வேண்டும் என்பதில்லை. கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதே இதற்குக் காரணம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே அளவெடுப்பது கண் அளவையியல் எனப்படும்.

1980ஆம் ஆண்டில் சாண்டர்சு, ரெட்சுலாஃப், கிராஃப் ஆகிய மூவர் வெளியிட்ட எஸ்.ஆர்.கே. சூத்திரம் இக்கணக்கை எளிதில் விளக்குகிறது:

வில்லையின் திறன் = வில்லை மாறிலி − (2.5 × கண்ணின் நீளம்) − (0.9 × கருவிழியின் திறன்)

இதில் நீளம் மில்லிமீட்டரிலும், திறன் டயாப்டரிலும் குறிக்கப்படும். வில்லை மாறிலி என்பது ஒவ்வொரு வில்லை வடிவத்துக்கும் உரிய எண். எடுத்துக்காட்டாக, மாறிலி 118.4, கண்ணின் நீளம் 23.5 மில்லிமீட்டர், கருவிழியின் திறன் 44 டயாப்டர் எனக் கொண்டால், திறன் = 118.4 − 58.75 − 39.6 = 20.05. வில்லைகள் பொதுவாக அரை டயாப்டர் இடைவெளியில் செய்யப்படுவதால் 20 டயாப்டர் வில்லை தெரிவு செய்யப்படும்.

அளவீட்டின் துல்லியம் எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் இச்சூத்திரம் காட்டுகிறது. நீளத்தை ஒரு மில்லிமீட்டர் குறைவாக அளந்துவிட்டால் வில்லையின் திறன் 2.5 டயாப்டர் கூடிவிடும். நோயாளி எதிர்பாராத கிட்டப்பார்வைக்கு உள்ளாவார். மீயொலிக் கருவியைக் கருவிழிமேல் சற்று அழுத்தி வைத்தாலே இத்தகைய பிழை நேரலாம். 1999ஆம் ஆண்டில் அறிமுகமான ஒளியியல் அளவுக் கருவி கண்ணைத் தொடாமலேயே அளப்பதால் இப்பிழையைத் தவிர்க்கிறது. புரை மிக முற்றியிருந்தால் அக்கருவியின் ஒளி உட்புக இயலாது. அப்போது மீயொலி முறையே கைகொடுக்கிறது.

எஸ்.ஆர்.கே. சூத்திரம் மிகக் குட்டையான கண்களிலும் மிக நீண்ட கண்களிலும் பிழைபட்டது. ஆகவே ஹாலடே, எஸ்.ஆர்.கே./டி, ஹாஃபர் கியூ, ஹைகிஸ், பாரெட் போன்ற சூத்திரங்கள் பின்னர் உருவாயின. இவை வில்லை கண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் அமரும் என்பதையும் கணிக்க முயல்கின்றன.

லேசர் மூலம் கிட்டப்பார்வையைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கணக்கீடு சிக்கலானது. அவர்களின் கருவிழி தட்டையாக்கப்பட்டிருப்பதால் வழக்கமான கருவிகள் அதன் திறனை உண்மையைவிட மிகுதியாகக் காட்டும். விளைவாக வில்லை திறன் குறைந்து, நோயாளி தூரப்பார்வைக்கு உள்ளாவார். எனவே இளமையில் லேசர் அறுவை செய்துகொண்டோர் அதன் முன்பின் அளவுக் குறிப்புகளைப் பாதுகாத்து வைப்பதும், கண்புரை மருத்துவரிடம் அதனைத் தெரிவிப்பதும் பயன் தரும். தொடு வில்லை அணிவோர் அளவெடுப்பதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் முன்பே அதனைக் கழற்றிவிட வேண்டும். தொடு வில்லை கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றுவதே காரணம்.

வகைகள்

ஒற்றைக் குவிய வில்லை

இது ஒரே தொலைவில் மட்டும் ஒளியைக் குவிக்கும். உலகெங்கும் மிகுதியாகப் பொருத்தப்படுவது இதுவே. வழக்கமாகத் தொலைவுப் பார்வைக்கு ஏற்பத் திறன் குறிக்கப்படும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும். கண்ணுக்குள் வரும் ஒளி முழுவதும் ஒரே குவியத்துக்குச் செல்வதால் உருவம் கூர்மையாகவும் மாறுபாடு மிக்கதாகவும் அமையும். இவ்வகையில் கோளப் பிழையைக் குறைக்கும் கோளமற்ற பரப்புடைய வில்லைகளும் உள்ளன. பாவை விரிந்திருக்கும் மங்கிய ஒளியில் இவை சற்றுத் தெளிவான பார்வை தரும்.

டோரிக் வில்லை

கருவிழியின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இராதபோது பார்வைச் சிதறல் குறைபாடு தோன்றுகிறது. டோரிக் வில்லை திசைக்கேற்ப மாறும் திறன் கொண்டு அதனை ஈடு செய்கிறது. இது சரியான அச்சில் நிற்க வேண்டும். ஒரு பாகை திரும்பினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 விழுக்காடு குறைகிறது. 10 பாகை திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படும். 30 பாகை திரும்பினால் பயன் ஏதும் இராது. படுத்த நிலையில் கண் சற்றே சுழல்வதால், நோயாளி நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போதே அச்சு குறிக்கப்படுகிறது.

பல்குவிய வில்லை

தொலைவு, இடைத்தொலைவு, அண்மை ஆகிய இரண்டு அல்லது மூன்று தொலைவுகளுக்கு இவ்வில்லை ஒளியைப் பிரித்தனுப்பும். பெரும்பாலானவை ஒளியின் விளிம்பு விளைவைப் பயன்படுத்தும் வட்ட வரிகளைக் கொண்டவை. இரண்டு குவியங்களுக்கும் சமமாக ஒளியைப் பிரிக்கும் வடிவில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 41 விழுக்காடு ஒளி செல்லும். எஞ்சிய ஒளி பயன்படாமல் சிதறும். இதனால் கண்ணாடியின் தேவை குறைகிறது. ஆனால் மாறுபாட்டு உணர்வும் குறைகிறது. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டங்கள் தோன்றலாம். பலருக்குச் சில மாதங்களில் இவை பழகிவிடும். சிலருக்குப் பழகுவதில்லை.

நீட்டிய குவிய வில்லை

இது ஒளியைத் தனித்தனிக் குவியங்களாகப் பிரிக்காமல், குவியத்தை ஆழ்திசையில் நீட்டுகிறது. தொலைவும் கணினித் திரை போன்ற இடைத்தொலைவும் தெளிவாகும். சிறிய எழுத்துகளைப் படிக்க மெல்லிய கண்ணாடி தேவைப்படலாம்.

ஏற்பமை வில்லையும் ஒளியால் திருத்தும் வில்லையும்

சிலியரித் தசையின் இயக்கத்துக்கேற்ப இடம் பெயரும் வகையில் வடிவமைக்கப்பட்ட ஏற்பமை வில்லை 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் அது தரும் ஏற்பமைவு இளமைக் கண்ணினுடையதற்கு ஈடாகாது. அறுவைக்குப் பின் புற ஊதா ஒளியைச் செலுத்தித் திறனை மாற்றத்தக்க வில்லை 2017ஆம் ஆண்டில் அங்கு ஒப்புதல் பெற்றது. திருத்தம் முடியும்வரை நோயாளி தனிப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

இலக்குப் பார்வையைத் தீர்மானித்தல்

வில்லையின் வகையைப் போலவே, அறுவைக்குப் பின் கண் எந்தத் தொலைவில் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட வேண்டும். ஒற்றைக் குவிய வில்லையில் 2.5 டயாப்டர் கிட்டப்பார்வையை விட்டுவைத்தால், 40 சென்டிமீட்டரில் கண்ணாடியின்றிப் படிக்கலாம். தொலைவுக்குக் கண்ணாடி வேண்டும். வாழ்நாள் முழுதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகிய கிட்டப்பார்வையாளருக்குத் தொலைவுப் பார்வையை மட்டும் அளித்தால், தாம் பெற்றிருந்த ஒன்றை இழந்ததாக அவர் உணரக்கூடும். தையல், பொற்கொல்லம், பிழைதிருத்தம் போன்ற நுண்தொழில் செய்வோருக்கும் இது பொருந்தும்.

ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மற்றொன்றை அண்மைக்கும் அமைக்கும் முறை ஒருகண் பார்வை முறை எனப்படும். இரு கண்களுக்கும் இடையே 1.25 முதல் 2 டயாப்டர் வரை வேறுபாடு விடப்படும். தொடு வில்லையைக் கொண்டு முன்கூட்டியே இதனைச் சோதித்துப் பார்ப்பதுண்டு. எல்லோருடைய மூளையும் இதனை ஏற்பதில்லை. கண்ணாடிக்கு உட்படாத அளவு பெரிய வேறுபாடு இரு கண்களிடையே இருந்தால் தலைவலியும் இரட்டைப் பார்வையும் ஏற்படலாம்.

தெரிவில் கருதப்படும் கூறுகள்

விழித்திரையின் நலம்: நீரிழிவு விழித்திரை நோய், முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவு ஆகியவை உள்ள கண் ஏற்கெனவே மாறுபாட்டு உணர்வை இழந்திருக்கும். அதில் ஒளியைப் பிரிக்கும் பல்குவிய வில்லை மேலும் இழப்பை உண்டாக்கும். முற்றிய கண் அழுத்த நோய்க்கும் இது பொருந்தும். இத்தகையோருக்கு ஒற்றைக் குவிய வில்லையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

கருவிழியின் நிலை: ஒழுங்கற்ற கருவிழி, தழும்பு, கண் உலர்வு ஆகியவை அளவீட்டையும் பார்வையையும் கெடுக்கும். கண் உலர்வுக்கு முதலில் மருத்துவம் செய்து, பின்னர் அளவெடுப்பது முறையாகும்.

தாங்கு இழைகளின் வலிமை: கண்ணில் முன்னர் அடிபட்டிருந்தால் வில்லையைத் தாங்கும் இழைகள் தளர்ந்திருக்கலாம். வில்லை நடுவிலிருந்து விலகக்கூடிய கண்ணில் டோரிக், பல்குவிய வில்லைகள் ஏற்றவையல்ல.

தொழிலும் வாழ்முறையும்: இரவில் வண்டி ஓட்டுவோருக்கு ஒளிவட்டங்கள் இடையூறு ஆகும். கணினி முன் பணிபுரிவோருக்கு இடைத்தொலைவுப் பார்வை முதன்மையானது.

எதிர்பார்ப்பு: கண்ணாடியே இனித் தேவையில்லை என்ற உறுதியை எந்த வில்லையும் தருவதில்லை. எப்போதேனும் கண்ணாடி அணிவதைப் பொருட்படுத்தாதவருக்குக் கூடுதல் விலை கொடுப்பதால் பெரிய நன்மை இல்லை.

பொருட்செலவு: கண் முகாம்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பொதுவாகப் பொருத்தப்படுவது ஒற்றைக் குவிய வில்லை. புரையால் இழந்த பார்வையை மீட்பதில் இது விலை உயர்ந்த வில்லைகளுக்குக் குறைந்ததன்று. அவ்வில்லைகளுக்கான கூடுதல் செலவு, கண்ணாடியைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதற்கே ஆகும்.

குழந்தைகளுக்கு வில்லை

பிறந்த குழந்தையின் கண் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமே உடையது. வளர்ந்தோரின் கண் 23 முதல் 24 மில்லிமீட்டர் வரை இருக்கும். கண் வளர வளரத் தேவையான வில்லைத் திறன் குறைந்துகொண்டே வருகிறது. எனவே குழந்தைக்குப் பொருத்தும் வில்லையில் சற்றே தூரப்பார்வை விட்டுவைக்கப்பட்டு, இடைக்காலத்தில் கண்ணாடியால் ஈடு செய்யப்படுகிறது.

பிறந்து ஏழு மாதங்களுக்கு உட்பட்ட, ஒரு கண்ணில் மட்டும் புரையுள்ள 114 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. செயற்கை வில்லை பெற்ற கண்களுக்கும், தொடு வில்லை அணிந்த கண்களுக்கும் ஐந்தாம் வயதில் பார்வைத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் செயற்கை வில்லை பெற்ற கண்களுக்கு மறு அறுவை மிகுதியாகத் தேவைப்பட்டது. குழந்தைகளில் வில்லையைப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மறைத்து, அறுவை செய்த கண்ணைப் பயன்படுத்தப் பழக்க வேண்டும். இல்லையெனில் மூளை அக்கண்ணைப் புறக்கணித்து, சோம்பல் கண் என்னும் குறைபாடு நிலைத்துவிடும்.

கண்புரை இல்லாதோருக்கு

மிகுந்த கிட்டப்பார்வையாலோ மெல்லிய கருவிழியாலோ லேசர் திருத்தத்துக்குத் தகுதியற்ற இளையோருக்கு, இயற்கை வில்லையை எடுக்காமலேயே கூடுதல் வில்லை பொருத்தப்படுகிறது. இது பாவையைச் சூழ்ந்த கதிராளிக்குப் பின்னும் இயற்கை வில்லைக்கு முன்னும் அமரும். விழி ஏற்பமைவு காக்கப்படுவதும், வேண்டின் வெளியே எடுக்க இயல்வதும் இதன் நன்மைகள். கண்ணின் முன்னறை போதிய ஆழமும், கருவிழியின் உட்புற உயிரணுக்கள் போதிய எண்ணிக்கையும் கொண்டிருக்க வேண்டும். வில்லையின் அளவு பொருந்தாவிட்டால் புரையோ கண் அழுத்தமோ உண்டாகலாம். எனவே ஆண்டுதோறும் பரிசோதனை தேவை.

புரையற்ற தெளிந்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கும் முறையும் உண்டு. இளவயதில் இதனால் விழி ஏற்பமைவு முற்றிலும் இழக்கப்படுகிறது. மிகுந்த கிட்டப்பார்வையுடைய இளையோரில் விழித்திரை விலகும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே வெள்ளெழுத்து வயதைக் கடந்த, தூரப்பார்வை மிக்கவர்களே இதற்குப் பெரும்பாலும் கருதப்படுகின்றனர்.

சிக்கல்களும் வில்லை மாற்றமும்

அறுவையின்போது பின் உறை கிழிந்தால் திட்டமிட்ட வில்லையைப் பொருத்த இயலாமல் போகலாம். அப்போது உறையின் முன்புறத்தில் அமரத்தக்க மூன்று துண்டு வில்லையோ, முன்னறை வில்லையோ வைக்கப்படும். இதற்காக அறுவை அரங்கில் மாற்று வில்லை ஆயத்தமாக வைக்கப்படுகிறது. உறையின் தாங்குதல் முற்றிலும் இல்லாதபோது வில்லையின் கைகளைக் கண்ணின் வெண்விழிச் சுவரில் பசையால் ஒட்டும் முறையைச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அமர் அகர்வால் 2007ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார்.

அறுவைக்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பின் உறை மங்குவதுண்டு. இதனை மக்கள் புரை மீண்டும் வளர்ந்ததாகக் கருதுவர். இது வில்லையின் குறையன்று. யாக் லேசர் கொண்டு மங்கிய உறையில் சிறு துளையிடுவதால் பார்வை தெளிவடையும். ஆனால் துளையிட்ட பின் வில்லையை மாற்றுவது மிகவும் கடினம். எனவே பல்குவிய வில்லையால் நிறைவடையாத ஒருவருக்கு, குறை உறையிலா வில்லையிலா என்பதை உறுதி செய்த பின்னரே லேசர் செய்யப்பட வேண்டும்.

திறன் பொருந்தாத வில்லைக்கு முதல் தீர்வு கண்ணாடியே ஆகும். அடுத்து, கருவிழியில் லேசர் திருத்தமோ, முதல் வில்லையின் முன் இரண்டாவது மெல்லிய வில்லையோ கருதப்படலாம். வில்லையை மாற்றுவதாயின், உறை வில்லையை இறுகப் பற்றிக்கொள்ளும் முன், தொடக்க மாதங்களிலேயே செய்வது எளிது.

ஒவ்வொரு வில்லையுடனும் அதன் வகை, திறன், வரிசை எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுத்தாள் வரும். அது மருத்துவப் பதிவேட்டிலும் நோயாளிக்குரிய அட்டையிலும் ஒட்டப்படுகிறது. பிற்காலத்தில் விழித்திரை மருத்துவமோ, வில்லை மாற்றமோ, மற்றொரு கண்ணின் அறுவையோ தேவைப்படும்போது இவ்வட்டை உதவும். முதல் கண்ணில் கணித்த திறனுக்கும் கிடைத்த பார்வைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு இரண்டாம் கண்ணின் கணக்கைத் திருத்தவும் முடிகிறது.